கூச்சத்தோடு பதிவர் சந்திப்புக்குப் போவது எப்படி?

சொந்தக் கதை எழுதுகிற வலைப்பதிவர்களுக்கு ஒரு குணம் உண்டு. முகம் தெரியாத ஆயிரம் பேர் படிக்கும் இடத்தில் அம்மாவின் ஆபரேஷனைப் பற்றி எழுதிவிடுவோம். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்துக்குள் போகச் சொன்னால் கால் எழாது.

நானும் அப்படித்தான். மணப்பாறையிலிருந்து தினமும் ரயிலில் திருச்சிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். அந்தப் பயணத்தையும் வீட்டையும் ஊரையும் பற்றி ‘ஜன்னலோர சீட்டு’ என்ற பெயரில் எழுதுகிறேன். பதிவர் சந்திப்புகளுக்குப் போக ஆரம்பித்த பிறகு கிடைத்த தோழிகள் இன்று என் வீட்டு விசேஷங்களுக்கு வந்துபோகிற அளவுக்கு நெருக்கம். அதனால்தான் சொல்கிறேன்: கூச்சம் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். கூச்சத்தை வைத்துக்கொண்டே போகலாம். நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்றுதான். மற்றவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அவர்களுடைய வாசகியாகப் போவது. நம்மைப் பற்றிப் பேசத்தான் நமக்கு வாய் வராது. பிடித்த பதிவைப் பற்றிப் பேசச் சொன்னால் எப்படிப்பட்ட கூச்சக்காரருக்கும் நாலு வார்த்தை வந்துவிடும்.

எந்தக் கூட்டம் என்று முதலில் பாருங்கள்

எல்லாக் கூட்டமும் ஒரே மாதிரி இருக்காது. 2004இல் தமிழ்மணம் திரட்டி வந்து, அங்கங்கே கிடந்த பதிவுகளெல்லாம் ஒரே இடத்தில் தெரிய ஆரம்பித்ததிலிருந்து தமிழ்ப் பதிவர்கள் பல விதமாகக் கூடியிருக்கிறார்கள். மெரினாவில் காந்தி சிலைப் பக்கம் மணலில் வட்டமாக உட்கார்ந்து பேசுவது ஒரு விதம். 2007 ஆகஸ்ட் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் நடந்த வலைப்பதிவர் பட்டறை மாதிரி, கணினியை வைத்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது இன்னொரு விதம். 2012, 2013இல் சென்னையிலும், 2014இல் மதுரையிலும், 2015 அக்டோபர் 11 அன்று புதுக்கோட்டையிலும் நடந்தவை பெரிய மண்டபத் திருவிழாக்கள். மேடை, சிறப்பு விருந்தினர், நூல் வெளியீடு, மதியச் சாப்பாடு, குழுப் படம் எல்லாம் அவற்றில் உண்டு.

கூச்சம் உள்ளவர்கள் மணலில் உட்காரும் சின்னச் சந்திப்புதான் சுலபம் என்று நினைப்பார்கள். என் கணிப்பு நேர்மாறானது. பத்துப் பேர் வட்டத்தில் நீங்கள் பேசாமல் இருந்தால் எல்லோருக்கும் தெரியும்; யாராவது ஒருவர் “நீங்க ஒண்ணுமே சொல்லலையே” என்று கேட்டே தீருவார். இருநூறு பேர் மண்டபத்தில் நடு வரிசையில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முதல் தடவை என்றால் பெரிய கூட்டத்தையே தேர்ந்தெடுங்கள்.

பட்டறை நடந்தால் அதற்கும் யோசிக்காமல் போகலாம். கையில் வேலை இருக்கும். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே பேசலாம். 2006 செப்டம்பரில் சென்னை டைடல் பார்க்கில் நடந்த பிளாக்கேம்ப் மாதிரி, வந்தவர்களே தலைப்பு வைத்துப் பேசிக்கொள்ளும் கூட்டங்களும் உண்டு. இந்த வகைக் கூட்டங்களில் ஹாரிசன் ஓவன் வகுத்த ‘இரண்டு கால் விதி’யைச் சொல்வார்கள். ஓர் அமர்வில் உங்களுக்குக் கற்க எதுவும் இல்லை, கொடுக்கவும் எதுவும் இல்லை என்றால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடலாம், அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அந்த விதி. சட்டென்று வெளியே போய்க் கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு வர வேண்டியவர்களுக்கு இது பெரிய வசதி.

போவதற்கு முன்

யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலைப் பெரும்பாலும் அமைப்பாளர்கள் முன்கூட்டியே போடுவார்கள். அதிலிருந்து மூன்று பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரபலங்கள் வேண்டாம், அவர்களைச் சுற்றி எப்போதும் கூட்டம் நிற்கும். உங்களைப் போலவே வீடு, ஊர், வேலை என்று எழுதுகிறவர்களாகப் பாருங்கள். அவர்களுடைய பழைய பதிவுகளில் பத்துப் பதினைந்தையாவது உட்கார்ந்து படியுங்கள். மனதில் நின்ற ஒரு வரி, ஒரு பொருள், ஒரு ஆள் எதுவென்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. “உங்க பதிவெல்லாம் படிப்பேன், நல்லா இருக்கும்” என்று சொன்னால் அவர் “நன்றிங்க” என்பார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரு சந்திப்பில், உப்பு நார்த்தங்காய் ஜாடியைப் பற்றி எழுதியிருந்த அக்கா ஒருவரிடம் போய் இப்படிக் கேட்டேன்: “அக்கா, ஜாடி வாயைக் கட்டின துணி உங்க மாமனாரோட பழைய வேட்டின்னு எழுதியிருந்தீங்களே, அந்த ஜாடி இப்ப யார்கிட்ட இருக்கு?” அவர் கையிலிருந்த காபியைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டார். மூன்று மருமகள்களில் ஜாடி யாருக்குப் போனது, வேட்டியைக் கிழித்தது யார், அதில் இரண்டு பேர் ஏன் இன்னும் பேசிக்கொள்வதில்லை என்று அடுத்த அமர்வு தொடங்கி மணி அடிக்கும்வரை சொன்னார். அந்த நேரம் முழுக்க நான் சொன்னது “அப்புறம்?” மட்டும்தான். பதிவில் இருக்கும் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு, “இப்போ அது எங்கே, அவர் எப்படி இருக்கிறார், அப்புறம் என்ன ஆனது” என்று கேளுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

அந்த மூன்று பேரில் ஒருவருக்காவது முன்கூட்டியே ஒரு பின்னூட்டம் போட்டு, “ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், பார்க்க ஆசை” என்று எழுதிவிடுங்கள். மண்டப வாசலில் உங்கள் பெயரைத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பே காலை முன்னே நகர்த்தும்.

இன்னொன்று. அமைப்பாளர்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. பதிவு மேசையில் ஒரு மணி நேரம் உட்காரத் தயார் என்று எழுதுங்கள், மறுக்கவே மாட்டார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை, எல்லோரும் தேடி வருவார்கள். பேச வேண்டிய வசனமும் தயார்: “வணக்கம், பேர் சொல்லுங்க. எந்த ஊரு? வலைப்பூ பேரு?” அட்டையை எழுதிக் கொடுக்கும்போதே யார் எந்த முகம் என்று மனதில் பதிந்துவிடும். பத்து மணிக்குள் பாதி மண்டபம் உங்களைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

மைக் கைக்கு வரும்போது

தமிழ்ப் பதிவர் சந்திப்பு என்றால் பதிவர் அறிமுகம் இல்லாமல் இருக்காது. ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் மைக் வரிசை வரிசையாகக் கைமாறி வரும். கூச்சக்காரர்கள் பலர் சந்திப்புக்கே வராததற்கு இந்த அரை நிமிடம்தான் காரணம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாலே வாக்கியம் போதும். அதை வீட்டிலேயே எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். என்னுடையது இது: “வணக்கம். ‘ஜன்னலோர சீட்டு’ என்ற பெயரில் எழுதுகிறேன். ஊர் மணப்பாறை. காலை ரயிலில் தினமும் பார்க்கிற மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதுவேன். இங்கே வந்திருக்கிற இன்னாருடைய இன்ன பதிவைப் படித்துவிட்டுத்தான் எனக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியது, அவருக்கு நன்றி.”

கடைசி வாக்கியம்தான் இதில் உயிர். நீங்கள் பெயர் சொன்ன ஆள் தேநீர் இடைவேளையில் தானாகவே உங்களைத் தேடி வருவார். இன்னொரு நன்மையும் உண்டு. கண்ணை எங்கே வைப்பது என்று தவிக்க வேண்டாம். பேசும்போது அவர் இருக்கிற பக்கமே பார்க்கலாம்.

மைக்கை மோவாய்க்குப் பக்கத்தில், வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் பிடியுங்கள். தள்ளிப் பிடித்தால் பின்னாலிருந்து “சத்தமா பேசுங்க” என்று குரல் வரும், அதில் மிச்சமிருக்கிற தைரியமும் போய்விடும். தாளைப் பார்த்துப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேடை ஏறும் பேராசிரியர்களே குறிப்பைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். முடிந்தவரை முன்னால் பேசிவிடுங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து மைக் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தால், அதுவரை பேசிய யாருடைய பேச்சும் காதில் ஏறாது.

மேடையே வேண்டாம் என்றாலும் சரி. காலையிலேயே தொகுப்பாளரிடம், “என் பெயரையும் வலைப்பூ பெயரையும் நீங்களே வாசித்துவிடுங்கள், நான் இருந்த இடத்தில் எழுந்து கும்பிடுகிறேன்” என்று கேட்டுக்கொள்ளலாம். நான் பார்த்தவரை இப்படிக் கேட்டவர்களை யாரும் வற்புறுத்தியதில்லை.

உங்கள் வாழ்க்கை அவர்களுக்குத் தெரியும்

சமையலோ தொழில்நுட்பமோ எழுதுகிறவர்களுக்கு இல்லாத ஒரு சங்கடம் நமக்கு மட்டும் உண்டு. இதுவரை பார்த்தே இராத ஒருவர் நேரே வந்து, “சகோ, அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்பார். அன்பாகத்தான் கேட்கிறார். பின்னூட்டத்தில் ஆறுதல் சொன்னவராகவும் இருப்பார். ஆனால் எழுதும்போது வராத அழுகை, ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது வந்துவிடும்.

இதற்கு முன்கூட்டியே தயாராகிவிடுங்கள். நீங்கள் எழுதியவற்றில் எதையெல்லாம் நேரில் பேசலாம், எதையெல்லாம் எழுத்தோடு விட்டுவிட வேண்டும் என்று கிளம்புவதற்கு முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். பேச வேண்டாம் என்று வைத்த விஷயத்தை யாராவது தொட்டால் சொல்ல ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது: “ஞாபகம் வச்சுக் கேட்டீங்களே, ரொம்ப சந்தோஷம். எழுதின அளவுக்குத்தாங்க அதைப் பத்திச் சொல்ல முடியுது.” சொல்லிவிட்டு உடனே அவருடைய பதிவுக்குப் பேச்சைத் திருப்பிவிடுவேன். இதை யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

அதே மரியாதையை நாமும் காட்ட வேண்டும். ஒருவர் கணவரை இழந்ததைப் பற்றி உருக்கமாக எழுதியிருக்கலாம். உங்களை அழவைத்த பதிவும் அதுவாகவே இருக்கலாம். முதல் சந்திப்பில் அதை எடுக்காதீர்கள். அவர் எழுதிய மொட்டைமாடித் தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். மற்றதை அவருக்குத் தோன்றும்போது அவரே சொல்வார்.

வீட்டாருக்கும் அலுவலகத்துக்கும் தெரியாமல் புனைபெயரில் எழுதுகிறவர்கள், பெண்கள் முக்கியமாக, இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். அட்டையில் புனைபெயர் மட்டும் போதும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். நேரலை உண்டா, கேமரா எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழுப் படம் எடுக்கும் நேரத்தில் படம் எடுத்துக்கொடுக்கும் ஆளாக நீங்களே மாறிவிடலாம். வாட்ஸாப் குழுவுக்கு என்று ஒரு தாள் சுற்றி வரும். அதில் நம்பர் எழுதியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வலைப்பூவுக்கென்று தனியாக வைத்திருக்கும் மின்னஞ்சலை எழுதுங்கள். புதுக்கோட்டைச் சந்திப்பின்போது வலைப்பதிவர் கையேடு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார்கள். பதிவர்களை ஒன்றுசேர்த்த நல்ல காரியம் அது. இப்படி எதற்காவது விவரம் கேட்டால், எதெல்லாம் அச்சில் வரலாம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

“என்ன எழுதறீங்க?”

இந்தக் கேள்வி எப்படியும் வரும். “சும்மா ஏதோ கிறுக்குவேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கேட்டவருக்கு அடுத்து என்ன கேட்பதென்று தெரியாது. நீங்கள் ராத்திரி விழித்திருந்து எழுதிய எழுத்துக்கும் அது நியாயமில்லை. கடைசியாக எழுதிய பதிவைச் சொல்லுங்கள்: “எங்க தெருவில் கடைசியாக மூடின மாவு மில்லைப் பற்றி எழுதினேன்.” மாவு மில்லில் வரிசையில் நிற்காதவர் யார்? அவரிடம் ஒரு கதை இருக்கும்.

அப்புறம் “ஒரு நாளைக்கு எவ்வளவு பேர் படிப்பாங்க?”, “யூடியூபுக்கு வந்துடலாமே, இதுல என்ன வருமானம்?” என்றும் கேட்பார்கள். “எனக்கு எழுதத்தான் பிடிச்சிருக்கு” என்ற ஒரே பதில் போதும். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் மன்னிப்புக் கேட்கிற தொனி வந்துவிடும்.

சொந்தக் கதை எழுதுவதைக் குறைவாக நினைப்பது எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது. 2005இல் அமெரிக்காவில் சாந்தா கிளாராவில் பெண் பதிவர்களுக்காக முதல் பிளாக்ஹெர் மாநாடு நடந்தது. பிள்ளை வளர்ப்பதையும் வீட்டையும் எழுதுவதெல்லாம் ஒரு எழுத்தா என்ற பேச்சு அங்கேயும் எழுந்தது. அப்படி எழுதுவதே ஒரு புரட்சிகரமான செயல் என்று ஆலிஸ் பிராட்லி என்ற பதிவர் அதற்குப் பதில் சொன்னார். எனக்கு அதில் முழு உடன்பாடு. மணப்பாறை ரயிலில் முறுக்குக் கூடையோடு ஏறும் அம்மா யாரிடம் என்ன பேசினார், எந்த வருஷம் ஒரு பாக்கெட் என்ன விலை விற்றது என்பதையெல்லாம் நாம் எழுதினால்தான் உண்டு. இந்த நம்பிக்கையோடு உள்ளே போங்கள். பேசுகிற குரலிலேயே அது தெரியும்.

சாப்பாட்டு நேரம்

இலை போட்டுப் பந்தி என்றால் கவலையே இல்லை. இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், சாம்பாரைப் பற்றியே ஆரம்பித்துவிடலாம். இன்னும் சுலபம் வேண்டுமென்றால் தண்ணீர் ஜக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பரிமாறப் போய்விடுங்கள்.

தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும் பஃபேதான் கஷ்டம். வட்டம் வட்டமாக நிற்பார்கள்; எந்த வட்டத்துக்குள் எப்படி நுழைவது என்று தெரியாது. எரிக் ஹோல்ஷர் என்ற மென்பொருள் நிரலாளர் இதற்காக ‘பேக்மேன் விதி’ என்று ஒன்றை எழுதினார். கூடி நின்று பேசுகிறவர்கள், பேக்மேன் என்ற பழைய வீடியோ விளையாட்டில் வரும் உருவத்தின் திறந்த வாய் மாதிரி, புதிதாக வருகிற ஒருவர் நிற்க எப்போதும் ஓர் இடம் விட்டே நிற்க வேண்டும். யாராவது வந்து அந்த இடத்தில் நின்றதும், அடுத்தவருக்காக மறுபடி இடம் விட வேண்டும். உங்கள் அமைப்பாளர்களிடம் சொல்லி, சாப்பாட்டுக்கு முன் இதை மைக்கில் அறிவிக்கச் சொல்லுங்கள். வாயடைத்து நிற்கும் எத்தனையோ பேருக்கு அது உதவும். அறிவிக்காவிட்டாலும் பரவாயில்லை. தனியாகத் தட்டோடு நிற்கிற இன்னொருவர் எப்படியும் இருப்பார், நேரே அவரிடம் போய் “இங்க நிக்கலாமா?” என்று கேளுங்கள். அவர் உங்களைவிட அதிகமாகச் சந்தோஷப்படுவார்.

வேர்ட்பிரஸில் எழுதுகிறவரா?

அப்படியென்றால், வலைப்பூ நடத்த உதவும் இந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் வேர்ட்கேம்ப் உங்களுக்கு ஏற்றது. 2006இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய இந்தச் சந்திப்புகளைப் பல ஊர்களில் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். வேர்ட்கேம்ப் ஆசியா 2023இல் பாங்காக்கிலும், 2024இல் தைபேயிலும், 2025இல் மணிலாவிலும் நடந்தது. அங்கே நிரல் எழுதுகிறவர்கள்தான் அதிகம். பதிவர் என்ற முறையில் கொஞ்சம் தனியாக உணரலாம். அதற்கு மருந்தாகப் பங்களிப்பு நாள் என்று ஒன்று உண்டு. பேச்சுகள் இல்லாமல், மேசை மேசையாக உட்கார்ந்து வேர்ட்பிரஸுக்கு வேலை செய்யும் நாள் அது. மொழிபெயர்ப்பு மேசைக்குப் போய் உட்காருங்கள். வேர்ட்பிரஸ் தளத்தில் கணக்கு வைத்திருக்கும் யாரும் தமிழ் மொழிபெயர்ப்பைப் பரிந்துரைக்கலாம். நிரல் தெரிய வேண்டியதில்லை. “இந்தப் பொத்தானுக்குத் தமிழில் என்ன போடலாம்?” என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதில் தொடங்கும் பேச்சு, சாயங்காலம்வரை தானாக ஓடும்.

கிளம்பும்போதும், அதற்குப் பிறகும்

கடைசி நிகழ்ச்சிவரை இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். கூச்சம் உள்ளவர்களுக்கு நாள் முழுக்க ஆட்களோடு இருப்பது உடம்பு வேலைக்குச் சமம். நடுவில் ஒரு பேச்சை விட்டுவிட்டு மண்டபத்துக்கு வெளியே டீக்கடைவரை நடந்துவிட்டு வாருங்கள். மூன்று மணிக்கே போதும் என்று தோன்றினால், பஸ் நேரத்தைச் சொல்லி, ஜாடிக்கார அக்கா மாதிரி ஒருவரிடமாவது விடைபெற்றுக்கொண்டு கிளம்புங்கள். சக பதிவர் யாராவது புத்தகம் போட்டு விற்பனைக்கு வைத்திருந்தால் ஒரு பிரதி வாங்கிக் கையெழுத்துக் கேளுங்கள். அது அவருக்குப் பெரிய விஷயம்.

வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று நாளுக்குள், பேசிய ஒவ்வொருவர் வலைப்பூவிலும் ஒரு பின்னூட்டம் போட்டுவிடுங்கள். அங்கே பேசியதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். எழுத்தில் நமக்குக் கூச்சம் இல்லை. சந்திப்பைப் பற்றிப் பதிவு எழுதுவதாக இருந்தால், யாருடைய படத்தையும் சொந்த விஷயத்தையும் அவரைக் கேட்காமல் போடாதீர்கள். புனைபெயர்க்காரரின் ஊரைக்கூட எழுத வேண்டாம். அடுத்த சந்திப்பு எந்த ஊரில் என்று அறிவிப்பு வந்ததும், மண்டபத்தில் உங்களைப் போலவே ஓரமாக நின்றிருந்தவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: “நான் போகலாம்னு இருக்கேன். நீங்களும் வந்தா ஒரே வண்டியில போயிடலாம்.”